அடிக்கு ஏழு அங்குலம்

அந்த வகுப்பறையில் பெஞ்சையும் மேசையையும் ஒரே இரும்புச் சட்டத்தில் சேர்த்து, தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நடைவழி. முதல் நாள் நான் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். யார் கண்ணிலும் படாத இடமாக இருக்கட்டும் என்று நான்காவது வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். பிறகு மூன்று பேர் வந்து என் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் வெளியே போக வேண்டுமென்றால் அந்த மூன்று பேரும் எழுந்து வழி விட வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. மூன்று பேரை எழுப்பும் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதல் நாள் உட்கார்ந்த இடமே எல்லோருக்கும் நிலையான இடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை, ஐந்து மாதம், நான் அந்தச் சுவரோரத்தில் இருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மைசூரில் சென்ட்ரிங் மேஸ்திரியாக இருக்கிறேன். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் பலகை, தகடு, முட்டு இவற்றால் அதற்கு ஓர் அச்சு கட்ட வேண்டும். கான்கிரீட் இறுகியதும் அச்சைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அதுதான் சென்ட்ரிங். வீடு கட்டி முடிந்த பிறகு நாங்கள் செய்தது எதுவும் அங்கே இருக்காது.

எங்கள் ஊர் ஹனூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம். அங்கே இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. என் படிப்பும் அதோடு முடிந்தது. ஆனால் வேலை இடத்தில் இது யாருக்கும் தெரியாது. டீ குடிக்கும்போது தமிழ்ப் பேப்பர் படிப்பேன். இஞ்சினியர் கொண்டுவரும் பிளானைப் பிரித்து அளவுகளைப் பார்த்து, இந்தப் படிக்கட்டு இப்படி வராது, ஒரு படி குறைகிறது என்று சொல்லுவேன். அதனால் மேஸ்திரி படித்தவர் என்று ஒரு பேச்சு. நானாக ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

இரண்டு வருடமாக எனக்கு வலது முழங்கால் சரியில்லை. ஏணியில் ஏறும்போது உள்ளே ஏதோ உரசுகிற மாதிரி இருக்கும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்ந்துவிட்டது, ஏறி இறங்கும் வேலையை விட்டுவிடுங்கள் என்றார். சென்ட்ரிங்காரன் ஏறாமல் என்ன செய்வது? கட்டடத்தில் ஏறாமல் வேலை பார்க்கிற ஒரே ஆள் சூப்பர்வைசர். அவர் கீழே நின்று பார்ப்பார், எழுதுவார், போனில் பேசுவார். எங்கள் இஞ்சினியர் நல்ல மனிதர், கன்னடக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரே ஒருநாள், சூப்பர்வைசர் ஆகிவிடுங்கள், கம்பெனியில் இப்போது சர்டிபிகேட் கேட்கிறார்கள், ஒரு காலேஜில் ஞாயிற்றுக்கிழமை கோர்ஸ் நடக்கிறது, பணம் கம்பெனி கட்டும் என்றார்.

அவருடைய தகரக் கொட்டகை ஆபீசில் வைத்துத்தான் படிவம் நிரப்பினார். அங்கே கொத்தனார் மேஸ்திரியும் டைல்ஸ் போடுகிறவர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் காதில் போன். பேச்சுக்கு நடுவில் என் பெயர், என் அப்பா பெயர், பிறந்த தேதி கேட்டு எழுதினார். அடுத்து, தலையைத் தூக்காமலே, "டென்த் தானே?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் இருந்தவருக்கு அவர் ஏதோ பதில் சொன்னார். பேனா நகர்ந்தது. அவர் எழுதி முடித்த பிறகும் என் வாய் திறந்தபடிதான் இருந்தது.

கோர்ஸில் முதல் பாடம் அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும். காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகள் படிக்கிற அதே பாடம் என்று சொன்னார்கள். நடத்தியவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு மேடம். கன்னடத்தில் பேசி இங்கிலீஷில் எழுதுவார். கன்னடம் எனக்குச் சரளம், இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். அதனால் அவர் சொல்வது காதில் ஏறும், எழுதுவது கண்ணில் ஏறும். இரண்டும் உள்ளே போய் ஒன்று சேராது.

எக்ஸ் என்றார். அது என்னவென்று நமக்குத் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரியே வைத்துக்கொண்டு கணக்கை நடத்த வேண்டும் என்றார். அந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. அந்த வகுப்பில் என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதி கன்னடம், பாதி தமிழாகப் பேசுவார். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று நான் ஒருநாள் அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"ரொம்ப ஈஸி அண்ணா. சம்சாரம் பேசாம இருக்கறது மைனஸ். அவ அம்மா ஊட்டுக்குப் போறதும் மைனஸ். பேசாத சம்சாரம் அம்மா ஊட்டுக்குப் போனா?"

நான் சிரித்துவிட்டேன். மேடம் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அன்று முழுவதும் நான் தலையைத் தூக்கவில்லை.

வகுப்பு நடக்கும்போது அவ்வப்போது ஆபீஸ் குமாஸ்தா வாசலில் வந்து நிற்பார். கையில் ஒரு பட்டியல் இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டு தராதவர்கள் பெயரை வாசிப்பார். ஆரம்பத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வந்தது. என் பெயர் வரும்போது நான் கையை மட்டும் தூக்குவேன். "ஊரில் இருக்கு, கொண்டு வர்றேன்" என்று முதல் தடவை சொன்னேன். அப்புறம் அதையும் சொல்லவில்லை. அவர் வாசலில் தலை காட்டினாலே என் முதுகு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சுவர் சில்லென்று இருக்கும். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றும். ஓடுவதற்கு மூன்று பேரை எழுப்ப வேண்டும்.

வீட்டிலும் வழியில்லை. என் மனைவி மைசூரிலேயே விஜயநகர் பகுதியில் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி வீட்டில் சமையல் செய்கிறாள். நான் ஐந்தாவதுதான் என்பது அவளுக்குத் தெரியும். "ஏனுங்க, அஞ்சாவதுக்கெல்லாம் காலேஜுல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். அனுபவத்தைப் பார்த்துச் சேர்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே நம்பி அந்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டு அம்மா எனக்கென்று ஒரு பேனா கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடும் அந்தப் பேனாவோடும் என் மனைவி கதவருகே நிற்பாள். அவளைத் தாண்டித்தான் நான் வெளியே போக வேண்டும். போகாமல் இருக்கவும் அவளைத் தாண்டித்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாதம் டிரிக்னாமெட்ரி வந்தது. சைன், காஸ், டேன். மேடம் போர்டில் ஒரு முக்கோணம் வரைந்ததும் எனக்கு முதல்முறையாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்த மாதிரி இருந்தது. அது ஓட்டுக் கூரையின் பாதி. ஆனால் அவர் அதன் பக்கங்களுக்கு வைத்த பெயர்களும், ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு வகுத்ததும் வேகமாகப் போய்விட்டன. நான் முக்கோணத்தை மட்டும் நோட்டில் அழகாக வரைந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு சின்னத் தேர்வு. மூன்று கேள்விகள். முதல் கேள்வி, ஒரு கம்பத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அதன் உச்சி முப்பது டிகிரி ஏற்றத்தில் தெரிகிறது, கம்பத்தின் உயரம் என்ன என்பது. ஃபார்முலா எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் மூன்று பேனாக்களும் ஓடிக்கொண்டிருந்தன. காகிதத்தை வெறுமையாகக் கொடுத்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். அதனால் வேலையில் செய்கிற மாதிரியே செய்தேன்.

சாய்வுக் கூரைக்கு அச்சு கட்டும்போது நாங்கள் டிகிரி பார்ப்பதில்லை. பிளானில் முப்பது டிகிரி என்று இருந்தால் அடிக்கு ஏழு அங்குலம். கிடைமட்டமாக ஓர் அடி போனால் ஏழு அங்குலம் ஏற வேண்டும். நாற்பத்தைந்து என்றால் அடிக்கு அடி. அறுபது என்றால் முப்பதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தது, ஏழு அங்குலம் போனால் ஓர் அடி ஏறும். மைசூரில் நான் சேர்ந்த முதல் மேஸ்திரி சொன்னது. முப்பது மீட்டரை முப்பது அடி என்று வைத்துக்கொண்டேன். முப்பது தடவை ஏழு அங்குலம், இருநூற்றுப் பத்து அங்குலம், பதினேழரை அடி. பதினேழரை என்று எழுதினேன். மற்ற இரண்டும் அப்படியே. கீழே வழி எதுவும் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தாள்களைக் கொடுக்கும்போது மேடம் என் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு என்னை முன்னால் வரச் சொன்னார். பெஞ்சில் மூன்று பேரும் எழுந்தார்கள். நான் முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நாற்பது பேர் பார்த்தார்கள்.

"பக்கத்தில் பார்த்து எழுதியிருந்தால் பதினேழு புள்ளி மூன்று இரண்டு என்று வந்திருக்கும்" என்று கன்னடத்தில் சொன்னார். "இந்தப் பதினேழரை எங்கிருந்து வந்தது?"

ஏழு அங்குலம் என்று மட்டும் சொன்னேன். என்ன ஏழு அங்குலம் என்றார். போர்டில் வரைந்து காட்டச் சொன்னார். நான் சாக்பீஸை வாங்கி, ஓர் அடி நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதன் முனையில் ஏழு அங்குலம் மேலே ஏற்றி, இரண்டையும் சேர்த்தேன். அளவுகோல் இல்லாமலே போட்டேன், கைக்குப் பழக்கம். அவர் தன் போனை எடுத்து ஏழைப் பன்னிரண்டால் வகுத்தார். பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு மூன்று. அதன் பக்கத்தில் டேன் முப்பது என்று எழுதினார். பூஜ்யம் புள்ளி ஐந்து ஏழு ஏழு. அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் டேன். நீங்கள் இத்தனை வருஷமாக டேன் தான் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். பிறகு, "முப்பது அடிக்கு இரண்டு அங்குலம் தப்பு வருமே, என்ன செய்வீர்கள்?"

"அது பூச்சுல போயிடும் மேடம்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. என்னைக் கேலி செய்த சிரிப்பு இல்லை அது. அங்கே இருந்த பாதிப் பேர் கட்டட வேலைக்காரர்கள், பூச்சில் எத்தனை போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மேடமும் சிரித்தார். வழி எழுதாததால் மார்க் தர முடியாது என்று சொல்லி, இருபதுக்கு இரண்டு போட்டுத் தாளைக் கொடுத்தார். பதினேழரைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டேன் என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். திரும்பிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்தவர், "குரு, ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?" என்று காதைக் கடித்தார்.

ஐந்து மாதத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவே என்னை நெருக்கியது. மேடம் அந்தக் கதையைப் பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறார். பிரின்சிபால் யார் அந்த மேஸ்திரி என்று என் ஃபைலைக் கேட்டிருக்கிறார். ஃபைலில் ஒரு காகிதம் இல்லை. குமாஸ்தா இப்போது பட்டியல் இல்லாமலே என்னைத் தெரிந்துகொண்டார். இரண்டு வாரத்தில் ஹால் டிக்கெட், அதற்குள் மார்க்ஸ் கார்டு வராவிட்டால் தேர்வு எழுத முடியாது என்று வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். எந்த ஸ்கூல், நானே போன் பண்ணி வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டார். அவர் உதவி செய்யத்தான் கேட்டார்.

வேறு வழியில்லாமல் இஞ்சினியரிடம் சொன்னேன். இரண்டாம் மாடித் தளத்தில், ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்த சத்தத்தில், நான் பத்தாவது இல்லை சார், ஐந்தாவதுதான் என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"தெரியும் மேஸ்திரி" என்றார். "அஞ்சோ ஏழோன்னு நினைச்சேன். எழுதினது நான் தானே. எல்லாரும் செய்யறதுதான், ஒரு காகிதம், அவ்வளவுதான். நீங்க கீழே நிக்கணுமா வேண்டாமா?"

மண்டி மொஹல்லாவில் ஒரு கடையைச் சொன்னார். நான் மறைத்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இனி இந்தப் பொய் எங்கள் இரண்டு பேருடையது. நான் வெளியே சொன்னால் அவரையும் காட்டிக்கொடுத்த மாதிரி.

புதன்கிழமை மத்தியானம் போனேன். ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடை. ஒரு ஆள் உட்காரும் அகலம், அதில் மெஷின், கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல். யார் அனுப்பினார்கள் என்று நான் சொன்னதும் கடைக்காரர் தமிழில் பேச ஆரம்பித்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததும் யாரோ ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனார்கள். திரையில் ஒரு மார்க்ஸ் கார்டு தெரிந்தது, பெயர் மட்டும் இல்லாமல். என் பெயரை அடித்தார். அப்பா பெயரை அடித்தார். வருஷம் கேட்டார், குத்துமதிப்பாகச் சொன்னேன். கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் அவரே நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

"கணக்குல எத்தனை போடட்டும்ணா?"

என் கை சட்டைப் பைக்குப் போனது.

"அறுபது போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. நூறு கேட்டீங்கன்னா நானும் மாட்டுவேன், நீங்களும் மாட்டுவீங்க."

என் சட்டைப் பையில் அந்தத் தேர்வுத் தாள் இருந்தது. மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. பதினேழரைக்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. அது தப்பாக இருக்கட்டும், இந்த ஏழு அங்குலத்திலிருந்து வந்தது என்று வரைந்து காட்ட முடிந்தது. அறுபது எங்கிருந்து வந்தது என்று மேடம் கேட்டால் போர்டில் எதை வரைவேன்? முப்பது வருஷமாக எத்தனையோ அளவுகள் தப்பாகச் சொல்லியிருக்கிறேன், பலகையை வீணாக்கியிருக்கிறேன். ஆனால் டேப்பை நீட்டாமல் ஓர் அளவைச் சொன்னதில்லை.

யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பொண்ணா பாக்கறோம்?" என்றார். ஆனால் கோபப்படவில்லை. நான் எழுந்தேன். ஸ்கூட்டர் வாசலை அடைத்திருந்தது. அதைத் தள்ளவும் முடியாது, பூட்டியிருந்தது. வெளியே யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அது என்னால் முடியாது. அதனால் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்கூட்டர்காரர் வரும்வரை கால் மணி நேரம் அந்தத் திரையில் என் பெயருக்குக் கீழே காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பாதியில் குமாஸ்தா வந்தார். இப்போது நான் ஒருவன்தான் பாக்கி. வாசலிலிருந்தே, கொண்டு வந்தீர்களா என்றார். கையைத் தூக்கப் போனேன். பிறகு எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் நான் வெளியே வருகிறேன் என்று நினைத்து அவர்களும் எழுந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தோம். நான் கன்னடத்தில் சொன்னேன்.

"நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன் சார். கார்டு இல்லை."

குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் அறை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். குமாஸ்தா மேடத்தைப் பார்த்தார். படிவத்தில் பத்தாவது என்று இருக்கிறதே என்றார். ஆமாம், தப்பாக இருக்கிறது, நான் அப்போது சொல்லவில்லை என்றேன். இஞ்சினியர் பேச்சை எடுக்கவில்லை. அப்படியானால் தேர்வு எழுத முடியாது என்றார் அவர். தெரியும் என்றேன். மேடம், வகுப்பில் உட்காரலாம் இல்லையா என்று அவரைக் கேட்டார். பணம் கட்டியிருக்கிறது, உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வழி விட்டு நின்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே போகலாம். நடைவழி வரை காலியாக இருந்தது. "குத்கோளிண்ணா, உக்காருங்க" என்று பக்கத்திலிருந்தவர் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். உட்கார்ந்தேன். சுவர் அதே மாதிரி சில்லென்றுதான் இருந்தது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அனுபவம் பாத்துச் சேத்தாங்கன்னு எங்கிட்டயும் சொன்னீங்க" என்றாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு, கொடுத்த பேனாவை யாராவது திருப்பி வாங்குவார்களா என்று எரிந்து விழுந்தாள். இஞ்சினியர் ஒரு வாரம் என்னிடம் வேலை தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள், வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்றார். அதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

கடைசி வகுப்பில் மேடம் ஒரு காகிதம் கொடுத்தார். பள்ளிக்குப் போகாமலே பத்தாவது தேர்வு எழுதலாம், அதற்கான படிவம். அதை எழுதி, அப்புறம் இந்தக் கோர்ஸை மறுபடி படிப்பதென்றால் இரண்டு மூன்று வருஷம் ஆகும். முழங்கால் அதுவரை காத்திருக்காது. படித்த வகுப்பு என்ற இடத்தில் ஐந்து என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

சூப்பர்வைசராக டிப்ளமோ படித்த ஒருவர் வந்திருக்கிறார். மரியாதையானவர். போன மாதம் விஜயநகரில் ஒரு வீட்டுக்கு இருபத்திரண்டு டிகிரியில் கூரை. இருபத்திரண்டுக்கு அடிக்கு எத்தனை அங்குலம் என்று எங்கள் மேஸ்திரி யாரும் சொல்லி வைக்கவில்லை. தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு அரை நாள் ஆகும். நான் போனை எடுத்து டேன் இருபத்திரண்டு போட்டு, பன்னிரண்டால் பெருக்கினேன். நாலே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நாலு அங்குலம் ஏழு நூல் என்றேன், அங்குலத்துக்கு எட்டு நூல் கணக்கில். சூப்பர்வைசர் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, சரி மேஸ்திரி, எத்தனையாவது வரைக்கும் படிச்சீங்க என்று கேட்டார்.

சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு அவர் கீழே நின்றார், நான் ஏணியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, மேலே ஏறினேன்.